அடம்பிடிக்கும் மால்வேர்: ஸ்கேனரா, ஃபார்மட்டா?

கம்ப்யூட்டரில் புகுந்து, நீக்க நீக்கத் திரும்பி வரும் மால்வேருக்கு (கெடுதல் செய்யும் மென்பொருளுக்கு) இரண்டு வழிகள்தான். ஸ்கேனர்களை ஓட்டிச் சுத்தம் செய்யலாம், அல்லது டிஸ்க்கையே அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடலாம். இரண்டையும் செய்து பார்த்தவன் நான். இப்போது ஃபார்மட் கட்சி.

ஸ்கேனரின் வசதி எல்லாருக்கும் தெரிந்ததே: ஃபைல்களும் மென்பொருள்களும் இருந்த இடத்திலேயே இருக்கும். அந்த வழி என்றால் விண்டோஸிலேயே இருக்கும் டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேனில் தொடங்குங்கள். வழக்கமான விண்டோஸுக்கு வெளியே ஓடுவதால் மால்வேர் ஒளிந்துகொள்வது கடினம். கால் மணி நேரம் போல ஆகும். பிரவுசரின் முகப்பை மாற்றும் விளம்பரத் தொல்லைக்கு இவ்வளவே போதும்.

கடவுச்சொல் திருடும் ரகம் என்றால் கதை வேறு. ஷெட்யூல்டு டாஸ்க் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலை), ரெஜிஸ்ட்ரி என்ற விண்டோஸ் அமைப்புப் பதிவேட்டின் ரன் கீ, பின்னணியில் ஓடும் ஏதோ ஒரு சர்வீஸ் என்று, தானாகத் தொடங்க வழியுள்ள பல இடங்களில் அது வேர்விட்டிருக்கும். மைக்ரோசாஃப்டின் ஆட்டோரன்ஸ் கருவி இவற்றையெல்லாம் பட்டியலிட்டுக் காட்டும். ஆனால் அதில் எது விண்டோஸுடையது, எது வந்தேறியது என்று பிரித்துப் பார்க்க அனுபவம் வேண்டும். எல்லாம் முடிந்து ‘அச்சுறுத்தல் இல்லை’ என்று வந்தாலும், தனக்குத் தெரிந்த எதுவும் கண்ணில் படவில்லை என்றுதான் ஸ்கேனர் சொல்கிறது. முதலில் நுழைந்தது வேறு எதையெல்லாம் இறக்கி வைத்தது என்பதற்கு அதனிடம் கணக்கில்லை. அதே கம்ப்யூட்டரில் வங்கிக் கடவுச்சொல்லைத் தட்டத் துணிவு வருமா? எனக்கு வரவில்லை. என்னை ஃபார்மட்டுக்குத் தள்ளியது இந்த ஒன்றுதான்.

செய்வதானால் முழுதாகச் செய்யுங்கள். சுத்தமான வேறொரு கம்ப்யூட்டரில் மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூலைக் (விண்டோஸ் நிறுவும் பென்டிரைவை உருவாக்கும் கருவி) கொண்டு 8 ஜிபி பென்டிரைவைத் தயார் செய்து, நிறுவும்போது அந்த டிஸ்க்கின் பார்ட்டிஷன்களை (பிரிவுகளை) எல்லாம் நீக்கிவிடுங்கள். ‘ஃபைல்களை வைத்துக்கொள்’ என்ற ரீசெட் அரைகுறை வேலை. டிஜிட்டல் உரிமம் இருந்தால் விண்டோஸ் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். பேக்கப்பில் படங்களும் ஆவணங்களும் மட்டும். பழைய இன்ஸ்டாலர், கிராக் எதுவும் வேண்டாம்.

திருடுபோன கடவுச்சொல்லை ஃபார்மட் மீட்டுத் தராது. வேறொரு சாதனத்திலிருந்து உடனே மாற்றி, எல்லா இடங்களிலிருந்தும் லாக்அவுட் செய்யுங்கள். நீங்கள் லாகின் செய்திருப்பதை நினைவில் வைக்க பிரவுசர் சேமிக்கும் குக்கீ திருடன் கையில் இருந்தால் கடவுச்சொல் இல்லாமலே உள்ளே நுழைய முடியும்.

ஃபர்ம்வேரில் (மதர்போர்டு சிப்பிலேயே இருக்கும் அடிப்படை மென்பொருளில்) குடியேறும் ரகம் மட்டும் இதற்கும் மசியாது. 2018-இல் ஈசெட் என்ற பாதுகாப்பு நிறுவனம் கண்டறிந்த லோஜாக்ஸ், டிஸ்க்கையே மாற்றினாலும் பிழைத்துக்கொள்ளும். மிக அரிது, அப்படியொன்றை நான் கையாண்டதில்லை. அந்தச் சந்தேகம் வந்தால் மதர்போர்டு ஃபர்ம்வேரை மீண்டும் எழுதத் தெரிந்தவரிடம் போங்கள்.