பிரசவ வீட்டுக்கு ஆள் தருவதாக 62,000 ரூபாய் வாங்கிய தரகர்: ஹட்டன் பக்கத்தவர்கள் கவனம்

பிள்ளை பிறந்து இன்றைக்கு 54 நாள். இப்போதுதான் உட்கார்ந்து எழுத முடிகிறது. ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா பக்கம் பிரசவத்துக்கு ஆள் தேடுகிறவர்கள் தயவுசெய்து முழுதாக வாசியுங்கள்.

நான் டீச்சர். எனக்கு சிசேரியன். அம்மா பொகவந்தலாவையில் தேயிலைக் கொழுந்தெடுக்கிறார். ஒரு மாதம் வந்து நின்றால் அத்தனை நாள் பேரும் (நாள் சம்பளம்) போய்விடும். மாமிக்கு முழங்கால் வருத்தம். ஆகவே ஆள் வைப்பதென்று முடிவு. தெரிந்தவர் மூலமாக ஒரு தரகரின் நம்பர் கிடைத்தது. "ஆஸ்பத்திரியில வேலை செஞ்சவங்க டீச்சர், பச்சப்புள்ள பாக்க ட்ரெய்னிங் எடுத்தவங்க" என்றார். அவசரத்துக்கு என்று வீட்டில் மூன்று பேருடைய நம்பர் கேட்டார், கொடுத்தோம். என் கணவர் 30,000 அட்வான்ஸ் போட்டார்.

பிறகு மாமிக்குப் போன் எடுத்திருக்கிறார். வருகிற பெண்ணுக்கு மெடிக்கல் எடுக்க வேண்டும், பஸ் காசு வேண்டும் என்று 12,000. அதை மாமி பஸ் ஸ்டாண்டில் கையில் கொடுத்திருக்கிறார். கொழும்பில் கடையில் நிற்கும் அண்ணனிடம், "தங்கச்சி ஆஸ்பத்திரியில, அவங்ககிட்ட கேக்க ஏலாது" என்று முதல் மாதச் சம்பளமாக 20,000. ஒருவர் கொடுத்தது மற்றவருக்குத் தெரியாது. எல்லோரும் என் மேல் உள்ள அன்பில் கொடுத்த காசு. பிரசவ வீட்டில் ஆளாளுக்கு ஓடுவார்கள், கணக்குப் பார்க்க யாரும் இருக்கமாட்டார்கள் என்பது அந்த மனிதருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

வந்த அக்கா பசறைப் பக்கம். காலையில் எங்களுக்கு முன்னே எழும்பி அடுப்பு மூட்டி, வெந்நீர் வைத்து, பத்தியக்கறி ஆக்கிவிடுவார். ஆனால் அவருக்கு உத்தரவு போட மூன்று பேர். மாமி ஒன்று சொல்வார், அம்மா போனில் இன்னொன்று சொல்வார், நான் இரண்டையும் வேண்டாம் என்பேன். ஐந்தாம் நாள் மிட்வைஃப் மிஸ் வந்து, ஆறு மாதத்துக்குத் தாய்ப்பால் மட்டும்தான், தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். அதைக் கேட்டது நான் மட்டும். அக்கா அப்போது குசினியில்.

ஒன்பதாம் நாள் மிஸ் திரும்ப வந்து தராசில் போட்டார். பிறக்கும்போது 2.9 கிலோ, அன்றைக்கு 2.5. முதல் நாட்களில் எடை கொஞ்சம் இறங்கும், பத்தில் ஒரு பங்குக்கு மேல் இறங்கக் கூடாது என்றவர், ஒரு நாளைக்கு எத்தனை தரம் மூத்திரம் போகிறது என்று கேட்டார். ஆறு தரமாவது போக வேண்டுமாம். எனக்குப் பதில் தெரியவில்லை. இரவில் பிள்ளை அக்காவோடு அடுத்த அறையில். அழாமல் தூங்குகிறதே என்று நிம்மதியாக இருந்துவிட்டேன். கை கழுவ குசினிக்குப் போன மிஸ் என்னைக் கூப்பிட்டார். ஜன்னல் ஓரம் மூடி வைத்த சில்வர் கோப்பை, உள்ளே சின்னக் கரண்டி, சுற்றிலும் எறும்பு. சீனித் தண்ணீர்.

அக்கா அழுதுவிட்டார். "சமையலுக்குன்னுதான் என்னைய அனுப்பினாங்க டீச்சர். வெட்டின காயத்தோட ஒங்கள எழுப்ப வேணாம்னு பெரியம்மா சொன்னாங்க, அதான்." மாமியைத்தான் பெரியம்மா என்பார். அவர் கைக்கு வந்திருந்தது 3,000 மட்டும். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை.

அன்றைக்கே பிள்ளையை ஆஸ்பத்திரியில் சேர்த்து மூன்று நாள் வைத்திருந்தோம். பால் கொடுக்கக் கொடுக்கத் தேறிவிட்டான். போன கிளினிக்கில் 3.8 கிலோ. இப்போது ஒரு கொப்பியை ஆணியில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். பால், மூத்திரம், யார் யாருக்குக் காசு கொடுத்தது, எல்லாம் அதில். ஆளுக்குச் சொல்ல வேண்டியதை நான் மட்டும் சொல்வேன். மாமிக்கு முதலில் மனவருத்தம்தான், பிறகு புரிந்துகொண்டார்.

தரகர் "ஆளை அனுப்பினேன்தானே" என்று சொல்லிப் போனை வைத்தவர், பிறகு நம்பரையே மாற்றிவிட்டார். பொலிஸில் முறைப்பாடு போட்டோம். பேங்க் சிலிப் இருப்பது 50,000க்குத்தான். மாமி கொடுத்த 12,000க்கு ஒரு துண்டும் இல்லை.

யாராவது வீட்டில் பல பேருடைய நம்பர் கேட்டால் ஒன்றை மட்டும் கொடுங்கள். காசு போடும் முன் வருகிற பெண்ணோடு நீங்களே பேசி, என்ன வேலைக்கு என்று சொல்லி அழைத்தார்கள் என அவரிடமே கேளுங்கள். இதேபோல் கொடுத்தவர்கள் இருந்தால் சிலிப்பை எடுத்துக்கொண்டு பொலிஸுக்குப் போங்கள். பசறை அக்காவின் சம்பளத்தை நாங்கள் நேரே அவர் கையில் கொடுத்து அனுப்பினோம். சாட்சி சொல்ல வருவதாகச் சொல்லியிருக்கிறார்.