ஈரானில் எந்தத் தோட்ட மாளிகையைப் பார்க்கலாம்? ஐந்து இடங்கள், ஓர் ஒப்பீடு

முதல்முறை ஈரான் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வழியைத்தான் பிடிக்கிறார்கள்: தெஹ்ரான், காஷான், இஸ்ஃபஹான், யஸ்த், ஷீராஸ். இந்த வழியில் காஷான் தொடங்கி ஊருக்கு ஒரு பழைய தோட்டமாவது உண்டு, அதற்குள் ஒரு மாளிகையும் உண்டு. ‘பாரசீகத் தோட்டம்’ என்ற ஒரே தலைப்பில் ஒன்பது தோட்டங்களை 2011இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஒன்பதையும் சுற்றிவர யாரிடமும் நாள் இருக்காது. அப்படியே இருந்தாலும், மூன்றாவது தோட்டத்தின் வாசலைத் தாண்டும்போதே ‘அதே சைப்ரஸ் மரம், அதே வாய்க்கால்’ என்று மனம் சலித்துக்கொள்ளும். எதைப் பார்ப்பது, எதை விடுவது என்று கிளம்பும் முன்பே தீர்மானித்துவிடுவது நல்லது.

நான் வைக்கும் அளவுகோல் ஒன்றுதான். இந்தத் தோட்டங்களைப் போட்ட பிரபுக்கள் அவற்றில் நடைபழகுவதைவிட, உட்கார்ந்து பார்ப்பதையே பெரிதாக நினைத்தார்கள். மாளிகையின் முன்மண்டபத்தில் கம்பளம் விரித்து அமர்ந்தால் எதிரே நீளமாகக் குளம், குளத்தின் இருபுறமும் மரவரிசை, மரங்களுக்கு அப்பால் மதில். மொத்தத் தோட்டமும் அந்த ஓரிடத்திலிருந்து பார்ப்பதற்காகவே அளந்து வைக்கப்பட்டது. அன்று வீட்டுக்காரர் உட்கார்ந்த இடத்தில் இன்று நாம் போய் நிற்க முடிகிறதா? மண்டபமும் தண்ணீரும் மரமும் இன்னும் சேர்ந்து இயங்குகின்றனவா? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்தால் தேர்வு எளிதாகிவிடும்.

ஷீராஸிலிருந்தே தொடங்குகிறேன். தவறான தோட்டத்துக்குப் போய் நேரத்தைச் செலவழிப்பவர்கள் அங்கேதான் அதிகம்.

ஷீராஸ் என்றதும் எல்லாரும் சொல்வது எரம் தோட்டம். யுனெஸ்கோ பட்டியலில் இருப்பது, எல்லா அஞ்சலட்டையிலும் இருப்பது. கஷ்காய் பழங்குடித் தலைவர்களின் கையில் இருந்த தோட்டம் அது. இன்று நாம் பார்க்கும் மாளிகை 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. முகப்பின் உச்சியில் பிறை வடிவில் வளைந்த ஓட்டுச் சித்திரங்கள், முன்னால் பெரிய குளம். இப்போது ஷீராஸ் பல்கலைக்கழகம் இதைத் தாவரவியல் பூங்காவாகப் பராமரிக்கிறது. செடிகளில் நாட்டம் உள்ளவர்களுக்கு இங்கே அரைநாள் போவதே தெரியாது. உயரமும் நேர்த்தியும் கொண்ட சைப்ரஸ் மரங்கள், ரோஜாப் பாத்திகள், பெயர்ப்பலகை மாட்டிய எத்தனையோ மரவகைகள். குறை மாளிகையில்தான். வருகிறவர்கள் பெரும்பாலும் அதை வெளியே நின்றே பார்க்க வேண்டியிருக்கிறது. மண்டபத்திலிருந்து தோட்டத்தைப் பார்ப்பதற்குப் பதிலாக, தோட்டத்தில் நின்று மண்டபத்தைப் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறோம். என் அளவுகோலின்படி பாதித் தோட்டம் பூட்டிக் கிடக்கிறது.

அதே ஊரில் யுனெஸ்கோ பட்டியலில் இல்லாத ஒன்று இருக்கிறது: நாரெஞ்செஸ்தான் கவாம். கவாம் குடும்பத்தார் 1879க்கும் 1886க்கும் இடையில் கட்டியது. எரமோடு ஒப்பிட்டால் தோட்டம் மிகச் சிறியது. நடுவே நேர்கோட்டில் தண்ணீர், இருபக்கமும் நாரத்தை மரங்களும் ஈச்ச மரங்களும், அவ்வளவுதான். ஆனால் படியேறிக் கண்ணாடி மண்டபத்துக்குள் போய்த் திரும்பிப் பாருங்கள். சுவரிலும் கூரையிலும் சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டுகளைக் கோணம் மாற்றி மாற்றிப் பதித்திருக்கிறார்கள். நம் முகம் எதிலும் முழுசாகத் தெரியாது. தோட்டத்துப் பச்சையும் குளத்து வெளிச்சமும் நூறாகச் சிதறி மண்டபம் முழுக்க அசைந்துகொண்டிருக்கும். மரங்கள் வெளியே இருந்தாலும் தோட்டம் உள்ளே வந்துவிடுகிறது. அறைகளின் மரக்கூரைகளில் ஐரோப்பியப் பாணி ஓவியங்கள், கீழே கற்பலகைகளில் பண்டைய பாரசீகத் தலைநகர் பெர்செபோலிஸை நினைவுபடுத்தும் வீரர்களின் உருவங்கள். இரண்டையும் ஒரே கட்டடத்தில் சேர்த்துப் பார்க்க முதலில் விநோதமாக இருக்கும். அப்போது ஈரானை ஆண்ட கஜார் வம்சத்தின் காலத்துப் பணக்காரர்களின் ரசனை அதுதான்: ஒரு கண் ஐரோப்பா மேல், இன்னொரு கண் பழைய பாரசீகப் பெருமை மேல்.

நாரெஞ்செஸ்தான் விருந்தினரை வரவேற்கும் வெளிவீடு. குடும்பம் புழங்கிய உள்வீடு பக்கத்தில் இருக்கும் ஜீனத் அல்முல்க் வீடு. இரண்டையும் ஒரு சுரங்கவழி இணைத்திருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்தக் கால மேட்டுக்குடி வாழ்க்கை எப்படிப் பிரிந்து கிடந்தது என்பது புரியும். வண்ணக் கண்ணாடிகளுக்குப் பேர்போன நசீர் அல்முல்க் பள்ளிவாசலும் நடந்துபோகும் தூரம்தான். ஷீராஸில் ஒரு காலைப்பொழுது மட்டும் இருக்கிறவர்கள் தயங்காமல் இங்கே போகலாம். ஏப்ரல் பாதிக்கு மேல் போகிறவர்களுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு: நாரத்தை பூத்து ஊரே மணக்கும் அந்த வாரங்களில் எரம் தோட்டத்தின் பரப்பளவே அதன் பலம். அப்போது இரண்டையும் பாருங்கள்.

அடுத்தது, இந்த ஒப்பீட்டில் எனக்கே முடிவெடுக்கக் கடினமாக இருந்த ஜோடி: காஷானின் ஃபின், யஸ்தின் தௌலதாபாத்.

ஃபின் தோட்டத்தின் உயிர் தண்ணீர். தோட்டத்துக்குப் பின்னால் மலைச்சரிவில் சுலைமானியா என்ற ஊற்று இருக்கிறது. அந்த நீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு வரும் வேகத்திலேயே, சுடுமண் குழாய்கள் வழியாகப் பாய்ந்து எல்லா நீர்த்தாரைகளையும் எழுப்பும்படி அமைத்திருக்கிறார்கள். மோட்டார் கிடையாது. இன்றைய வடிவம் முதலாம் ஷா அப்பாஸ் காலத்தது, 1590 வாக்கில் முடிந்தது. பிறகு கஜார் மன்னர் ஃபத் அலி ஷா காலத்தில் சில கட்டடங்கள் சேர்ந்தன. வாய்க்கால்களின் அடியில் நீலப்பச்சை ஓடுகள் பதித்திருப்பதால் சாண் ஆழத் தண்ணீர்கூட ஆழமாகத் தெரிகிறது. நான் அதிக நேரம் நின்றது ஒரு குளத்தின் ஓரத்தில். அதன் தரையில் வரிசையாகச் சிறு துளைகள் இருக்கின்றன. அவற்றிலிருந்து நீர் பீறிட்டு அடிப்பதில்லை. உலை கொதிக்கத் தொடங்கும்போது பானையின் மேற்பரப்பு லேசாகப் புடைக்குமே, அப்படிப் புடைத்துப் புடைத்து அடங்குகிறது. கைவிட்டால் குளிர்ந்திருக்கிறது. சுற்றிலும் வறண்ட மண்மேடு சூழ்ந்த ஊரில் இந்தக் குளிர்ச்சி எவ்வளவு இதமாக இருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

தோட்டத்தின் நடுவே நிற்கும் மண்டபம் நாற்புறமும் திறந்தது. தண்ணீர் அதற்குள்ளேயே வந்து போகிறது. அங்கே நின்றால் நான்கு திசையிலும் ஓடும் வாய்க்கால்களும் பழைய சைப்ரஸ் வரிசைகளும் ஒருசேரக் கண்ணில் படும். என் முதல் கேள்விக்கு இதைவிட நல்ல விடை வேறெந்தத் தோட்டத்திலும் கிடைக்கவில்லை.

ஃபின்னுக்கு இன்னொரு முகமும் உண்டு. தாருல் ஃபுனூன் கல்லூரியை நிறுவியவரும் நசீருத்தீன் ஷாவின் முதலமைச்சராக இருந்தவருமான அமீர் கபீர், பதவி பறிக்கப்பட்டு காஷானுக்கு அனுப்பப்பட்டார். 1852 ஜனவரியில் இந்தத் தோட்டத்தின் குளியல்கூடத்தில், ஷாவின் ஆணைப்படி, கை நரம்பு அறுக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். ஈரானியர் பலருக்கு ஃபின் என்றால் முதலில் நினைவுக்கு வருவது இதுதான். சிரித்துப் பேசிக்கொண்டு வரும் குடும்பங்கள் அந்தக் கூடத்துக்குள் நுழைந்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்வதைக் கவனித்தேன். அதைத் தவிர்த்துவிட்டு வெறும் தோட்டத்தை மட்டும் பார்த்துத் திரும்புவது சரியாகாது.

தௌலதாபாதின் உயிர் காற்று. யஸ்தின் ஆளுநராக இருந்த முகமது தகீ கான் 18ஆம் நூற்றாண்டின் நடுவில் கட்டியது. மாளிகையின் மேல் 33 மீட்டருக்குச் சற்று அதிகமாக உயர்ந்து நிற்கும் எண்கோணக் காற்றுக் கோபுரம், பாத்கீர், இந்த வகையில் மிக உயரமானது. எட்டுப் பக்கமும் திறப்பு இருப்பதால் எந்தத் திசையிலிருந்து காற்று வீசினாலும் அகப்பட்டுவிடும். காற்று உள்தடுப்புகள் வழியாகக் கீழிறங்கி, அடியில் இருக்கும் ஆழமற்ற குளத்தின் மேல் தவழ்ந்து, ஈரம் பட்டுக் குளிர்ந்து அறைகளுக்குள் பரவும். எதிர்ப்பக்கத் திறப்பு வழியாகச் சூடான காற்று மேலேறி வெளியேறும். வெயிலில் வெந்துவிட்டு வந்து கோபுரத்தின் நேரடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். தலைமுடி அசையும். கோபுரம் 1960களில் இடிந்துபோய், திரும்பக் கட்டப்பட்டது என்பது உண்மைதான். ஆனாலும் வேலை செய்கிறதே, அதுதான் முக்கியம்.

தண்ணீர் இங்கே ஊற்றிலிருந்து வரவில்லை. மெஹ்ரீஸ் பக்கத்து மலையடிவாரத்திலிருந்து நிலத்தடியில் மெல்லிய சரிவாகத் தோண்டிய கனாத் சுரங்க வாய்க்கால் வழியாகப் பாலைவனத்தைக் கடந்து வந்தது. தோட்டத்தில் திராட்சை, மாதுளை, சைப்ரஸ். நிழலும் பழமும்தான் நோக்கம், அலங்காரம் குறைவு. வெயில் சாய்ந்து விழும் நேரத்தில் மாளிகையின் வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள் தரையில் சிவப்பும் நீலமுமாக விழவைக்கும் ஒளிக்காகவே பலர் வருகிறார்கள். கூட்டம் அந்த அறையில்தான் மொய்க்கும்.

இரண்டில் ஒன்று என்றால்? தோட்டமாக ஃபின் மேல். மாளிகையாக தௌலதாபாத் மேல். ஃபின்னில் கட்டடங்கள் தோட்டத்துக்கு அடங்கியவை. மாளிகை பார்க்கும் ஆசையை காஷான் நகருக்குள் இருக்கும் தபாதபாயி வீடும் போருஜெர்தி வீடும் தீர்த்துவைக்கும். அந்த வீடுகளையும் சேர்த்து ஒரு முழுநாள் ஒதுக்க முடிந்தால் காஷானே வெல்லும். கோடையில் போகிறவர்களுக்கு என் தீர்ப்பு நேர்மாறு: ஒரு வீடு பாலைவனத்தை எப்படிச் சமாளித்தது என்பதை உடம்பால் உணர வைப்பது தௌலதாபாத் மட்டுமே.

கடைசியாக, வழக்கமான வழியைவிட்டு விலகிய ஒன்று: கெர்மானிலிருந்து சுமார் 35 கிலோமீட்டரில், மாஹான் ஊருக்கு அருகே, ஷாஸ்தே தோட்டம். கஜார் காலத்தது. முதலில் மதிலுக்கு வெளியே நில்லுங்கள். புல் பூண்டு இல்லாத மண்வெளி. வாசலைத் தாண்டியதும் சரிவில் படிப்படியாக இறங்கி வரும் நீர்வீழ்ச்சிகள், இருமருங்கும் ஓங்கிய மரங்கள், உச்சியில் மாளிகை. இந்த அதிர்ச்சி வேறெங்கும் இல்லை. தோட்டத்தைக் கட்டிய ஆளுநர் இறந்த செய்தி வந்ததும் கொத்தனார் கையிலிருந்த சாந்தைச் சுவரில் வீசிவிட்டுப் போய்விட்டார் என்று ஒரு கதை சொல்கிறார்கள். வாசல் முகப்பில் வேலை முடியாமல் நிற்கும் இடங்களைக் காட்டுகிறார்கள். மாளிகை என்று பார்த்தால் நாரெஞ்செஸ்தானுக்குப் பக்கத்தில் வைக்க முடியாது. ஆனால் மாஹானில் சூஃபி ஞானி ஷா நிமத்துல்லா வலியின் சமாதி இருக்கிறது. அதை 1436இல் எழுப்பியவர் நம் தக்காணத்து பாமினி சுல்தான் அகமது ஷா. அவர் தலைநகராக்கிய பீதரின் கோட்டையைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பயணம் தனியாக அர்த்தப்படும். கைவசம் இரண்டு நாள் கூடுதலாக இருந்தால் மட்டும் போங்கள்.

இஸ்ஃபஹானின் செஹெல் சோதூனை இந்த வரிசையில் சேர்க்கவில்லை. அது அரசவை வரவேற்பு மண்டபம், ஒரு வீட்டின் பகுதி அல்ல. உள்ளே முகலாய மன்னர் ஹுமாயூனை ஈரான் மன்னர் ஷா தஹ்மாஸ்ப் வரவேற்கும் ஓவியம் இருக்கிறது. இஸ்ஃபஹானில் எப்படியும் தங்குவீர்கள், பார்த்துவிடுங்கள்.

ஏப்ரல், மே முதல் பாதி, அல்லது அக்டோபர், நவம்பர் ஏற்ற காலம். மார்ச் 20, 21 வாக்கில் வரும் நவ்ரூஸ் புத்தாண்டையொட்டிய இரண்டு வாரங்களைத் தவிருங்கள்; நாடே தோட்டங்களில்தான் இருக்கும். வெள்ளிக்கிழமையும் கூட்டம். வெளிநாட்டு வங்கி அட்டைகள் செல்லாது, ரொக்கம் வேண்டும். வெளிநாட்டவருக்கு நுழைவுச்சீட்டு விலை அதிகம். பெண்கள் தலையை மறைக்க வேண்டும் என்பது சட்டம். பதற்றம் அடிக்கடி எழும் பகுதி என்பதால், டிக்கெட் எடுக்கும் முன் நம் வெளியுறவு அமைச்சகத்தின் பயண அறிவுரையைக் கட்டாயம் பாருங்கள்.

இரண்டே இரண்டுக்குத்தான் நேரம் என்றால் ஃபின்னும் நாரெஞ்செஸ்தானும். ஃபின்னுக்குக் கதவு திறக்கும் நேரத்திலேயே போய்விடுங்கள். சுற்றுலாப் பேருந்துகள் வந்தபிறகு தண்ணீர்ச் சத்தம் காதில் விழாது.