மலைப் பூங்காக்களில் 150–600 மி.மீ. ஜூம்: நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிந்தவை

இந்த லென்ஸை வாங்குபவர்கள் 600 என்ற எண்ணை, அதாவது தொலைவில் உள்ளதை மிகப் பெரிதாகக் காட்டும் அதன் மேல்முனையைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். பல பருவங்கள் பயன்படுத்திய பிறகு சொல்வதென்றால், மலையில் இதன் உண்மையான பலம், அகலமான காட்சி தரும் 150 பக்கக் கீழ்முனையில் இருக்கிறது.

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவின் விதிப்படி கரடி, ஓநாய், பூமாவிடமிருந்து 100 கெஜம், அதாவது 91 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். மற்ற விலங்குகளுக்கு 25 கெஜம். ஃபுல் ஃப்ரேம் (36 மி.மீ. அகல சென்சார்) கேமராவில் 600 மி.மீ. வைத்தால், 91 மீட்டரில் ஏறக்குறைய ஐந்தரை மீட்டர் அகலம் படத்துக்குள் வரும். இரண்டு மீட்டர் நீளக் கரடி அதில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டி நிறையும். சரிவும் புல்வெளியும் சேர்ந்து வருவதால் படம் நன்றாகவே அமையும். அதே 600-இல் 25 கெஜத்தில் கிடைப்பது 1.4 மீட்டர்தான். எல்க் மானின் முழு உடலும் வர 200 வரை இறங்க வேண்டும். பின்னால் நகர இடமில்லாத மலைப்பாதையில் இந்த வசதிக்கு ஈடே இல்லை. மேய்ந்துகொண்டிருந்த விலங்கு தலையைத் தூக்கி நம்மையே பார்த்தால், விதித்த தூரத்தில் நின்றாலும் பின்வாங்கிவிடுங்கள். அதன் நிம்மதியைக் கெடுத்து எடுக்கும் படம் வேண்டாம்.

படம் மங்கலாக வந்தால் பலரும் லென்ஸைக் குறை சொல்கிறார்கள். பெரும்பாலும் காரணம் கானல். வெயில் ஏறியதும் பாறையிலிருந்து எழும் சூடான காற்று குளிர்ந்த காற்றோடு கலந்து ஒளியை வளைக்கிறது; ரோமம் மெழுகு பூசியதுபோல் வழவழவென்று தெரியும். ஷட்டர் வேகத்தைக் கூட்டினாலும் இது தீராது. அதிகாலையில் எடுங்கள், அல்லது நெருங்கி வரும் விலங்குக்காகக் காத்திருங்கள். காருக்குள்ளிருந்து எடுத்தால் ஹீட்டரையும் எஞ்சினையும் நிறுத்தி, கண்ணாடியை இறக்கிப் பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள். ஜன்னல் வழியே வெளியேறும் சூடான காற்றே கானலை உண்டாக்கும். லென்ஸின் முன்னால் மாட்டும் ஹூடுக்குள்ளும் அந்தக் காற்று தேங்கும். சில நேரம் ஹூடைக் கழற்றினாலே படம் தெளிந்துவிடும்.

மூடுபனியில் ஃபோகஸ் முன்னும் பின்னும் அலையும். ஃபோகஸ் தேடும் தூரத்தைக் கட்டுப்படுத்தும் லிமிட்டர் பொத்தானை 10 மீட்டருக்கு அப்பால் என்று வைத்து, விலங்கின் கண்ணையோ கொம்பு விளிம்பையோ ஒற்றைப் புள்ளியால் பிடியுங்கள். 600-இல் ஒளி புகும் துளை அதிகபட்சம் எஃப்/6.3 தான் என்பதால் அந்தி வெளிச்சத்தில் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 3200-ஐத் தாண்டும். ஷட்டர் வேகத்தை நடக்கும் விலங்குக்கு 1/500 நொடி, ஓடினால் 1/1000 நொடிக்குக் குறையாமல் வையுங்கள். ஐஎஸ்ஓ ஏறினால் ஏறட்டும். அசைவால் கெட்ட படத்தை மீட்க வழியில்லை.

எடை சுமார் 2 கிலோ. நாள் முழுக்கக் கையில் பிடிக்க முடியாது. ஏற்றத்தில் முக்காலியைவிட ஒற்றைக்கால் தாங்கியான மோனோபாட் தேவலை. நடக்கும்போது லென்ஸின் குழல் தானாக நீண்டுவிடும், ஜூம் பூட்டைப் போட மறக்காதீர்கள். லென்ஸைத் தாங்கியில் பொருத்தும் காலர் தகட்டின் திருகு நாளடைவில் தளரும், ஆலன் சாவி பையிலேயே இருக்கட்டும். குளிரிலிருந்து அறைக்குத் திரும்பும் முன், வெளியிலேயே லென்ஸைக் காற்றுப் புகாத பையில் போட்டு மூடிவிடுங்கள். வெப்பநிலை சமமாகும் முன்பே திறந்தால் உள்கண்ணாடியில் ஈரம் படிந்து, பிறகு பூஞ்சை பிடிக்கும்.