தவணை கட்ட முடியாத ஆறு மாதம்: கடனை நீட்டுவதா, நகையை வைப்பதா, வீட்டை விற்பதா?

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஓ.டி. (கூடுதல் நேர வேலை) நின்றால் கைக்கு வரும் சம்பளம் சட்டென்று இறங்கிவிடும். கிருஷ்ணகிரி, போச்சம்பள்ளி பக்கம் மாங்கூழ் ஆலைகள் பெங்களூரா மாங்காய்க்கு விலையை இறக்கினால் தோப்புக்காரர் வீட்டில் அந்த ஆண்டு வரவே படுத்துவிடும். இரண்டு வீட்டுக்கும் வீட்டுக்கடன் தவணை ஒரே மாதிரிதான் வரும். ஆனால் இரண்டுக்கும் மருந்து ஒன்றல்ல. பணம் எப்போது திரும்பி வரும் என்பதை வைத்துத்தான் வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். 20 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, 20 ஆண்டு. மாதத் தவணை 17,995 ரூபாய். ஐந்து ஆண்டு தவறாமல் கட்டினால் மொத்தம் 10.8 லட்சம் கட்டியிருப்பீர்கள். ஆனாலும் அசலில் இன்னும் 17.74 லட்சம் பாக்கி இருக்கும்.

இந்த நிலையில் வங்கிக்குப் போனால் பெரும்பாலும் முதலில் காதில் விழுவது, ‘காலத்தை நீட்டிக்கலாம்’ என்பதுதான். மீதி 15 ஆண்டை 20 ஆக நீட்டினால் தவணை 15,962 ஆகும். மாதம் 2,000 ரூபாய்தான் மிச்சம், கடைசியில் கூடுதலாகக் கட்டுவதோ 5.9 லட்சம். 25 ஆண்டாக நீட்டினால் மாதம் 3,100 குறையும், கூடுதல் சுமை 12 லட்சத்தைத் தாண்டும். ஆறு மாத நெருக்கடிக்குப் பத்து ஆண்டு கூடுதலாகக் கடன்காரராக இருக்கச் சொல்லும் வழி இது.

இதற்குப் பதில், ஆறு மாதத்துக்கு வட்டியை மட்டும் கட்ட அனுமதி கேளுங்கள். மாதம் 13,306 ரூபாய் கட்டினால் போதும். தவணையில் 4,689 ரூபாய் குறைகிறது, அதாவது பத்து ஆண்டு நீட்டிப்பில் கிடைப்பதைவிட அதிகம். அசல் ஒரு ரூபாய்கூட ஏறாது. கடன் முடிவது ஆறு மாதம் தள்ளிப்போகும், கூடுதல் செலவு அந்த ஆறு மாத வட்டியான சுமார் 80,000 ரூபாயோடு நின்றுவிடும்.

ஆறு மாதம் எதுவுமே கட்டாமல் அவகாசம் வாங்குவது கேட்க நன்றாக இருக்கும். ஆனால் கட்டாத வட்டி 81,000 ரூபாய் அசலில் சேர்ந்து, பாக்கி 18.55 லட்சமாகிவிடும். பழைய தவணையையே தொடர்ந்தால் முடிவில் கிட்டத்தட்ட 19 தவணை கூடுதலாக விழும், ஏறக்குறைய 3.36 லட்சம். கையில் அறவே பணமில்லை என்றால் மட்டுமே இதைக் கேட்கலாம்.

இந்த மூன்றையும் வங்கி தர வேண்டும் என்ற கட்டாயமில்லை. நெருக்கடியைக் காரணம் காட்டிச் சலுகை வாங்கினால், கடன் மறுசீரமைக்கப்பட்டதாக, உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் குறிப்பு ஏறும். அதனால் அதற்கு முன்பே ஒன்றைப் பார்த்துவிடுங்கள்: உங்கள் வட்டி விகிதம். ரிசர்வ் வங்கி 2025-இல் ரெப்போ விகிதத்தை, அதாவது வங்கிகளுக்குத் தான் கடன் தரும் வட்டியை, 6.50-இலிருந்து 5.25 சதவீதத்துக்குக் குறைத்தது. 2019 அக்டோபருக்கு முன் வங்கியில் வாங்கிய கடன் இன்னும் எம்.சி.எல்.ஆர். கணக்கில் (வங்கி தன் நிதிச் செலவை வைத்துத் தானே நிர்ணயிக்கும் வட்டி) ஓடிக்கொண்டிருந்தால், கட்டணம் செலுத்தி ரெப்போ கணக்குக்கு மாறலாம். 9 சதவீதம் 8 ஆனாலே தவணை 1,040 ரூபாய் குறையும், சிபிலில் எந்தக் கறையும் விழாது. வீட்டுக்கடன் நிதி நிறுவனங்களுக்கு ரெப்போ இணைப்பு கட்டாயமில்லை. அங்கே பேரம்தான் பேச வேண்டும்.

நகைக்கடன் தோப்புக்காரருக்குப் பொருந்தும். அடுத்த காய்ப்பில் பணம் வரும் என்று மாதம் சொல்ல முடிகிறது. ஆறு தவணைக்குத் தேவை 1.08 லட்சம். ஆண்டுக்கு 10 சதவீத வட்டி என்றால் ஓராண்டுக்கு 10,800 ரூபாய். மொத்தமாக வைக்காமல், தவணை வரும்போது ஒவ்வொரு நகையாக வைத்தால் இன்னும் குறையும். சிக்கல் எங்கே என்றால், ஓராண்டு முடிவில் அசலும் வட்டியும் ஒன்றாகத் திருப்ப வேண்டும். அப்போது பணம் இல்லாமல் வட்டியை மட்டும் கட்டி மாற்றி வைப்பார்கள். இரண்டு மூன்று முறை இப்படி ஓடியபின் நகை மூழ்கிப்போகும். ஓ.டி. எப்போது வரும் என்று தெரியாத தொழிலாளி இந்த வழியில் இறங்காமல் இருப்பது நல்லது.

தனிநபர் கடன் வாங்கி வீட்டுத் தவணை கட்டுவது 9 சதவீதக் கடனை 16 சதவீதக் கடனால் அடைப்பதாகும். அதே 1.08 லட்சத்துக்கு மூன்று ஆண்டு, மாதம் சுமார் 3,800 ரூபாய். அதுவும் சம்பளம் குறைந்திருக்கும் அடுத்த மாதமே தொடங்கும். மனைவி பெயரில் குழுக் கடன் எடுத்துக் கட்டுவதும் இதே கதைதான். நூறு நாள் தண்டல் இன்னும் மோசம். கையில் 9,000 கொடுத்து, தினம் 100 ரூபாயாக நூறு நாள் வசூலிப்பார்கள். வட்டி ஆயிரம்தானே என்று தோன்றும். ஆண்டுக் கணக்கில் பார்த்தால் 75 சதவீதத்தைத் தாண்டுகிறது. வீட்டுக்கடனுக்காக இந்தப் பக்கம் போகவே கூடாது.

வேலையே போய்விட்டது, இனி அந்த வருமானம் வராது என்றால் தள்ளிப்போடுவதில் பயனில்லை. சும்மா கிடக்கும் மனை இருந்தால் அதை விற்று அசலைக் குறையுங்கள். மாறும் வட்டியில் ஓடும் தனிநபர் வீட்டுக்கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் கிடையாது. மனையும் இல்லை என்றால், வங்கி ஏலம் விடும் முன் வீட்டை நீங்களே விற்பது மேல். ஏலத்தில் விலையை நீங்கள் தீர்மானிக்க முடியாது, ஏலச் செலவும் உங்கள் தலையில்தான் விழும். கடன் முடிப்புக் கணக்கையும், வங்கியிடம் உள்ள பத்திரங்களின் பட்டியலையும் எழுத்தில் வாங்குங்கள். வாங்குபவர் பாக்கியை நேராகக் கடன் கணக்கிலேயே கட்டட்டும். முழுத்தொகையும் கட்டிய 30 நாளுக்குள் வங்கி பத்திரங்களைத் திருப்ப வேண்டும், தவறு அதன் பக்கம் இருந்தால் தாமதத்துக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. பலர் விட்டுவிடும் வேலை ஒன்று உண்டு. அடமானத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்திருந்தால், கடன் தீர்ந்ததற்கான ரசீதையும் அங்கே பதிய வேண்டும். இல்லையென்றால் வில்லங்கச் சான்றில் கடன் அப்படியே நிற்கும், விற்பனை அங்கே முட்டிக்கொள்ளும்.

எந்த வழியானாலும் முதல் தவணை தவறும் முன்பே கிளைக்குப் போங்கள். 90 நாள் தாண்டினால் கணக்கு வாராக்கடன் ஆகும். பிறகு, நீதிமன்றம் போகாமலே அடமானச் சொத்தை வங்கி கைப்பற்றி விற்க வழிசெய்யும் சர்ஃபாசி சட்டத்தில் 60 நாள் நோட்டீஸ் வரும். வாயால் சொன்னது கணக்கில் வராது. கடன் எண், வருமானம் குறைந்ததற்குச் சம்பளச் சீட்டு, மாதம் எவ்வளவு கட்ட முடியும், எந்த மாதம் வரை என்ற நான்கும் கடிதத்தில் இருக்கட்டும். நகலில் சீலும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். வங்கியிலேயே முறைப்படி புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகும்போது அந்தச் சீல் போட்ட நகல்தான் ஆதாரம். விவரம் கேட்க 14448-ஐ அழைக்கலாம். 60 நாள் நோட்டீஸ் வந்துவிட்டாலும் எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள். 15 நாளுக்குள் வங்கி அதற்குக் காரணத்தோடு பதில் சொல்லியாக வேண்டும்.