எட்டு டிஸ்க்குக்கு ஒரு பழைய கார்டு: எல்எஸ்ஐ 9211-8i கார்டை வாங்கலாமா?

மதர்போர்டில் செருகி எட்டு டிஸ்க்குகளைக் கூடுதலாக இணைக்க உதவும் இந்தக் கார்டு, சர்வர்களிலிருந்து கழற்றி விற்கப்படுவது. வேகக் கணக்கில் இன்றும் குறை வைக்காது. ஸ்லாட் இணைப்பு பிசிஐஇ 2.0 எக்ஸ்8 (எட்டுத் தடம்), அதாவது நொடிக்குச் சுமார் 4 ஜிபி. எட்டு ஹார்டு டிஸ்க்கும் தலைக்கு 200 எம்பி இழுத்தாலும் 1.6 ஜிபிதான். மதர்போர்டின் இரண்டாவது நீள ஸ்லாட்டில் பெரும்பாலும் எக்ஸ்4 இணைப்புதான் இருக்கும், அதுவும் போதும்.

வாங்கும்போது 'ஐடி மோட்' ஃபர்ம்வேர் (கார்டுக்குள் ஓடும் மென்பொருள்) உள்ளதா என்று கேளுங்கள். அதில்தான் கார்டு குறுக்கே நிற்காமல் ஒவ்வொரு டிஸ்க்கையும் அப்படியே இசட்எஃப்எஸ்ஸிடம் (பல டிஸ்க்குகளைச் சேர்த்து நிர்வகிக்கும் ஃபைல் சிஸ்டம்) கொடுக்கும், டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே சொல்லும் ஸ்மார்ட் விவரமும் தெரியும். ஃபர்ம்வேர் பதிப்பு பி20 என்றால் மட்டும் போதாது. முதலில் வந்த பி20 தகராறு பிடித்தது, 20.00.07.00 இருக்க வேண்டும்.

இந்தக் கார்டின் பெரிய தலைவலி சூடு. சர்வருக்குள் புயல் மாதிரி காற்று அடிக்கும் என்று நம்பிச் செய்த ஹீட்சிங்க் இது. சாதாரண கேபினெட்டில், அதுவும் நம் ஊர் மே மாதத்தில், கை வைக்க முடியாது. ஹீட்சிங்க் மேலேயே ஒரு 40 எம்எம் ஃபேனைத் திருகிவிடுங்கள். இல்லையென்றால் ரீபில்டு (மாற்றிப் போட்ட டிஸ்க்கில் தரவை மீண்டும் எழுதுவது) ஓடும் நேரமாகப் பார்த்து டிஸ்க்குகள் கூட்டமாகக் காணாமல் போகும். ஒரு டிஸ்க் மட்டும் போனால் டிஸ்க்கைச் சந்தேகப்படலாம். நான்கு சேர்ந்து போனால் கார்டு, கேபிள், பவர் மூன்றில் ஒன்று. ஸ்மார்ட்டில் 199-ஆம் எண், சிஆர்சி பிழை (கேபிள் வழியில் தரவு கெடுவது), ஏறிக்கொண்டே போனால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

கேபிளிலும் ஏமாற இடமுண்டு. கார்டில் மாட்டும் எஸ்எஃப்எஃப்-8087 முனையிலிருந்து நான்கு சாட்டாவாகப் பிரிவது வேண்டும், அதுவும் 'ஃபார்வர்டு' வகை. 'ரிவர்ஸ்' வகையும் பார்க்க அச்சு அசல் அதேதான். மாட்டினால் ஒரு டிஸ்க்கும் தெரியாது.

எஸ்எஸ்டிகளை இதில் மாட்ட வேண்டாம், பல மாடல்களுக்கு ட்ரிம் (அழித்த இடம் எது என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லும் கட்டளை) வேலை செய்யாது. அவை மதர்போர்டு போர்ட்டிலேயே இருக்கட்டும். கூடுதலாக நாலைந்து டிஸ்க் மட்டும் என்றால் ஏஎஸ்எம்1166 சிப் உள்ள ஆறு போர்ட் கார்டே போதும். சூடும் கரண்டும் குறைவு.

பவரையும் கணக்கில் எடுங்கள். 3.5 அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும்போது 12 வோல்ட்டில் சுமார் 2 ஆம்பியர் கேட்கும். எட்டும் ஒன்றாகக் கிளம்பினால் அந்த நொடிக்கு 190 வாட். மோலெக்ஸ்-சாட்டா அடாப்டரில் பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்த வகை தீப்பிடிக்கும் என்று பெயர் வாங்கியது. கம்பியைத் தனியாகக் கிரிம்ப் செய்த வகையை எடுங்கள். டிஸ்க் சிஎம்ஆராகவே (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் எழுதும் வகை) இருக்கட்டும். டபிள்யூடி ரெட் வரிசையில் சில மாடல்கள் எஸ்எம்ஆர் (தடங்களை ஓடுபோல் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி எழுதும் வகை) என்று 2020-இல் தெரியவந்தபின், சிஎம்ஆர் டிஸ்க்குகள் 'ரெட் பிளஸ்' என்ற பெயருக்கு மாறின. எஸ்எம்ஆரில் ரீபில்டு நாள்கணக்கில் இழுக்கும்.

எட்டையும் இசட்எஃப்எஸ்ஸின் ரெய்டு-இசட்2 அமைப்பில் போட்டால் எந்த இரண்டு செத்தாலும் தரவு நிற்கும். ஆனால் தவறுதலாக அழித்த ஃபோல்டர் எட்டிலும் சேர்ந்தே அழியும். ஆகவே தினமும் ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையின் பதிவு), வாரம் ஒருமுறை அதை வெளி டிஸ்க்குக்கு அனுப்பும் 'இசட்எஃப்எஸ் சென்ட்'. வெளி டிஸ்க் இரண்டு வேண்டும், ஒன்று எப்போதும் வேறு வீட்டில்.

இங்கே இரண்டு இடத்தில் சறுக்கும். சென்ட் வெளியீட்டை வெறும் ஃபைலாகச் சேமித்தால், நடுவில் ஒரு பிட் கெட்டாலும் மொத்தமும் மீளாது. வெளி டிஸ்க்கிலேயே ஒரு பூல் (இசட்எஃப்எஸ் சேமிப்பிடம்) அமைத்து 'ரிசீவ்' செய்யுங்கள். இரண்டாவது, பழைய ஸ்னாப்ஷாட்டை அழிக்கும் தானியங்கி, கடைசியாக அனுப்பிய ஸ்னாப்ஷாட்டையும் சேர்த்து அழித்துவிட்டால் அடுத்த முறை மாற்றங்களை மட்டும் அனுப்ப முடியாது, முழுவதையும் முதலிலிருந்து அனுப்ப வேண்டும். வெளி டிஸ்க் ஒவ்வொன்றுக்கும் அதன் கடைசி ஸ்னாப்ஷாட்டை 'ஹோல்டு' (அழிக்கவிடாத பூட்டு) போட்டுப் பிடித்து வையுங்கள். இரண்டு டிஸ்க் என்றால் இரண்டு ஹோல்டு.