ஷோன்புருன் அரண்மனைக்கு டிக்கெட் எடுக்கும் முன் இதைப் படியுங்கள்

வியன்னா போகிறவர்கள் கவனத்துக்கு. ஷோன்புருன் அரண்மனையின் பெரிய தோட்டத்துக்குள் போக டிக்கெட்டே கிடையாது. காலை 6:30க்கே கதவைத் திறந்துவிடுகிறார்கள். ஊர்க்காரர்கள் ஓடுகிறார்கள், குழந்தை வண்டி தள்ளிக்கொண்டு போகிறார்கள், யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. அந்தத் தோட்டத்துக்கு "அரச தோட்ட அனுமதி" என்று பெயர் வைத்து எங்களிடம் ஆளுக்கு ஒரு தொகை கறந்துவிட்டது ஒரு டிக்கெட் தளம். பெயர் போடவில்லை. இந்த ஒன்றோடு முடிகிற கதையும் இல்லை. அரண்மனை பெயரைத் தேடினால் விளம்பரம் என்ற சின்ன எழுத்தோடு இப்படி நாலைந்து வரும்.

அவர்கள் விற்றது ஒரு பேக்கேஜ். அரண்மனை முழுச் சுற்று, தோட்டம், குன்றின் மேலிருக்கும் குளோரியட் மண்டபத்தின் மொட்டைமாடி, செடிவேலிப் புதிர்ப்பாதை, எல்லாவற்றுக்கும் மேல் "வரிசையில் நிற்க வேண்டாம்". விலை, அரண்மனையின் சொந்தத் தளத்தில் இருப்பதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். நாங்கள் போனது டிசம்பரில், அம்மாவையும் அழைத்துக்கொண்டு. குளிர்காலத்தில் அந்த மொட்டைமாடியும் புதிர்ப்பாதையும் மூடியிருக்கும். வருடா வருடம் நடப்பதுதான், விற்றவனுக்குத் தெரியாமல் இருக்காது. தேதியை நாங்கள்தான் குறிப்பிட்டோம். அந்தத் தேதிக்கே காசு வாங்கினான்.

மெயிலில் வந்தது டிக்கெட் இல்லை, வவுச்சர். அரண்மனை வாசலில் நீலக் குடை பிடித்த ஆளிடம் காட்ட வேண்டுமாம். டிசம்பரில் அந்த முற்றம் முழுக்கக் கிறிஸ்துமஸ் சந்தை. கடைகளுக்கு நடுவே, பஞ்ச் என்ற சூடான பானத்தின் வாசனையில், குடையைத் தேடி நின்றோம். அம்மாவின் கையுறைக்குள் விரல் விறைத்துப் போனது. ஒரு மணி நேரத்துக்கும் மேல் கழித்து ஆள் வந்தார், ஜாக்கெட் பையிலிருந்து மூன்று டிக்கெட்டை உருவிக் கொடுத்தார். நுழைவு நேரம் மாலை 3:40. அப்போது மணி 11 கூட ஆகவில்லை. டிசம்பரில் வியன்னாவில் நாலு மணிவாக்கில் சூரியன் இறங்கிவிடும். 3:40க்கு உள்ளே போனால் வெளியே வரும்போது தோட்டம் இருட்டில்தான்.

"வரிசை இல்லைன்னு போட்டிருந்தீங்களே" என்றதற்கு, "3:40க்கு வாங்க, வரிசை இருக்காது" என்றார். உண்மைதான். அங்கே சாதாரண டிக்கெட்டுகளிலேயே நேரம் அச்சாகியிருக்கும், அந்த நேரத்துக்குத்தான் கதவு திறக்கும். எல்லோருக்கும் உள்ள வசதியைத்தான் இவர்கள் தனிச் சலுகை போல விற்கிறார்கள்.

டிக்கெட்டைப் பார்த்தால் விலை இருந்த இடத்தில் கறுப்பு மார்க்கரால் பட்டையாக ஒரு கோடு. அதை எடுத்துக்கொண்டு கவுன்டருக்குப் போனேன். அங்கிருந்த பெண் கோட்டின் மேல் நகத்தால் ஒரு தேய் தேய்த்தார், வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். இது குறைந்த அறைகள் மட்டும் காட்டும் மலிவான சுற்று, நீங்கள் சொல்கிற முழுச் சுற்று இல்லை என்றார். கூடவே, மதியத்துக்கே இடம் இருக்கிறது, வேண்டுமா என்று கேட்டார். வயிறு எரிந்தது. மறுபடி காசு கொடுத்து மூன்று டிக்கெட் வாங்கினோம்.

முழுச் சுற்று கட்டாயம் பாருங்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 1,441 அறைகளில் சுமார் 40 அறைகளைத்தான் காட்டுகிறார்கள், அதுவே போதும் போதும் என்றாகிவிடும். இசைமேதை மோட்சார்ட் ஆறு வயதில், 1762இல், பேரரசி மரியா தெரசா முன்னால் வாசித்தது இங்கேதான். எனக்குக் கால் நகராமல் நின்றது மில்லியன் அறையில். சுவரெல்லாம் விலையுயர்ந்த மரப்பலகை, அதில் பொன் சட்டங்கள், சட்டங்களுக்குள் நம்மூர் மொகலாயச் சிற்றோவியங்கள்! சட்டத்தின் வளைவுக்குப் பொருந்துவதற்காக அரச குடும்பத்தார் மூல ஓவியங்களை வெட்டி, ஒட்டி, புதுப் படமாக ஆக்கியிருக்கிறார்கள். அழகுதான், ஆனால் அந்தக் கத்தரிக்கோலை நினைத்தால் மனசு ஆறவில்லை. அம்மா ஒரே வார்த்தையில் "படுபாவிங்க" என்றார், குடைக்காரரையும் சேர்த்துத்தான் என்று நினைக்கிறேன்.

நகர மையத்தில் ஸ்டீபன் தேவாலயத்தைச் சுற்றி வெள்ளை விக்கும் சிவப்புக் கோட்டுமாக மோட்சார்ட் வேஷத்தில் கச்சேரி டிக்கெட் விற்கிறவர்கள் தனிக் கூட்டம். எந்த அரங்கு, எந்த இருக்கை, யார் வாசிக்கிறார்கள் என்று எழுத்தில் காட்டாமல் பர்ஸைத் திறக்காதீர்கள். ஷோன்புருன் தோட்டத்தில் வியன்னா ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு நடத்தும் கோடை இரவுக் கச்சேரிக்குக் கட்டணமே கிடையாது, அதற்கும் யாராவது டிக்கெட் நீட்டினால் நடையைக் கட்டுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதினேன். "வவுச்சர் பயன்படுத்தப்பட்டுவிட்டது" என்று ஒற்றை வரி பதில், அதன்பின் மௌனம். கார்டு கொடுத்த வங்கியில், பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி டிஸ்ப்யூட் போட்டேன். விளம்பரப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், குளிர்காலத்தில் மூடியிருக்கும் என்று அரண்மனைத் தளமே சொல்லும் பக்கம், கறுப்புக் கோடு போட்ட டிக்கெட்டின் படம், கவுன்டரில் வாங்கிய ரசீது, எல்லாம் அனுப்பினேன். மொட்டைமாடிக்கும் புதிர்ப்பாதைக்கும் உண்டான தொகை மட்டும் திரும்பி வந்திருக்கிறது. மீதிக்கு இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் யாராவது இப்போது இதே மாதிரி மாட்டியிருந்தால் அந்த டிக்கெட்டைக் கிழித்துப் போடாதீர்கள், வங்கி முதலில் கேட்டது அதைத்தான்.