16 டெராபைட் எல்லையில் இஎக்ஸ்டி4: ஒரு மதிப்பீடு

2008 டிசம்பரில் லினக்ஸ் கெர்னல் 2.6.28 உடன் நிலையான வடிவம் பெற்ற இஎக்ஸ்டி4 (ext4) கோப்பு முறைமையை, அதாவது வட்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் ஏற்பாட்டை, பெரும்பாலோர் வேகத்தை வைத்தே எடைபோடுகிறார்கள். ஆண்டுக்காண்டு வளரும் சேமிப்பகத்தைப் பராமரிப்பவருக்கோ அதன் கொள்ளளவு வரம்புகள்தான் முதலில் தெரிய வேண்டியவை.

வழக்கமான 4 கிலோபைட் பிளாக் (வட்டில் இடம் ஒதுக்கும் மிகச் சிறிய துண்டு) அளவில் ஒரு தனிக் கோப்பு 16 டெராபைட் வரையிலும், ஒரு வால்யூம் (ஒரே கோப்பு முறைமையாக இயங்கும் சேமிப்பிடம்) 1 எக்சாபைட் வரையிலும் வளரலாம் (இக்கட்டுரையில் வரம்புகளைக் குறிக்கும் அலகுகள் 1024-இன் அடுக்குகள்; ஒரு எக்சாபைட் என்பது 1024 × 1024 டெராபைட்). கோப்புக்குள் இருக்கும் பிளாக்குகளை 32 பிட் எண்ணாலும், வட்டில் அவை இருக்கும் இடத்தை 48 பிட் எண்ணாலும் குறிப்பதால்தான் இந்த இரு வரம்புகளுக்கும் இடையே இவ்வளவு தொலைவு. முந்தைய இஎக்ஸ்டி3-இல் கோப்புக்கு 2 டெராபைட், வால்யூமுக்கு 16 டெராபைட் என்றிருந்ததை நினைத்தால் இது பெரிய முன்னேற்றமே.

ஆனால் அந்த 1 எக்சாபைட்டை அப்படியே நம்பிவிட முடியாது. பிளாக் எண்களை 32 பிட்டுக்கு மேல் நீட்டும் ‘64பிட்’ வசதி இல்லாமல் உருவாக்கிய வால்யூம் 16 டெராபைட்டிலேயே நின்றுவிடும். அதைத் தாண்ட வேண்டுமானால் வால்யூமை அன்மவுன்ட் செய்து (பயன்பாட்டிலிருந்து விலக்கி) மாற்ற வேண்டும், ஓய்வே இல்லாத சர்வரில் இது எளிய காரியமன்று. லினக்ஸ் நிறுவனமான ரெட் ஹேட், தன் லினக்ஸ் வெளியீடான ஆர்எச்இஎல்-இன் 7ஆம் பதிப்பில் இஎக்ஸ்டி4-க்கு 50 டெராபைட் வரையே ஆதரவு அளித்தது. மற்றொரு கோப்பு முறைமையான எக்ஸ்எஃப்எஸ்-க்கு (XFS) 500 டெராபைட் வரை அளித்து, அதையே இயல்புத் தேர்வாகவும் ஆக்கியது. கோட்பாட்டு வரம்பைவிட இந்த எண்களையே நான் பொருட்படுத்துவேன், ஏனெனில் பழுது நேர்ந்தால் உதவி கிடைப்பது அந்த அளவுக்குள்தான்.

ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்று வீதம் தேவைப்படும் விவரப் பதிவுகளான ஐநோடுகளின் எண்ணிக்கையும் இஎக்ஸ்டி4-இல் வால்யூமை உருவாக்கும்போதே முடிவாகிவிடுகிறது. சிறு கோப்புகள் குவியும் மின்னஞ்சல் சர்வரில் இடம் மீதமிருக்கும்போதே ‘இடமில்லை’ என்ற பிழை வருவது இதனால்தான். எக்ஸ்எஃப்எஸ் தேவைக்கேற்ப ஐநோடுகளை ஒதுக்கிக்கொள்கிறது, தனிக் கோப்பையும் 8 எக்சாபைட் வரை அனுமதிக்கிறது. எனினும் அதைப் பெரிதாக்கலாமே தவிர, சுருக்க ஏறத்தாழ வழியில்லை. இஎக்ஸ்டி4-ஐ அன்மவுன்ட் செய்துவிட்டுச் சுருக்கலாம்.

ஆகவே சில டெராபைட்டுகளுக்குள் அடங்கும் மேசைக் கணினிக்கும் சிறு அலுவலக சர்வருக்கும் இஎக்ஸ்டி4-ஐத் தயங்காமல் பரிந்துரைப்பேன். 50 டெராபைட்டைத் தாண்டும் என்று தெரிந்த சேமிப்பகத்துக்கு எக்ஸ்எஃப்எஸ்தான். ஏற்கெனவே இயங்கும் பழைய இஎக்ஸ்டி4 வால்யூமை விரிவாக்கப் போகிறவர்கள், புதிய வட்டுகளை வாங்குவதற்கு முன்பே டியூன்2எஃப்எஸ் (tune2fs) கட்டளை காட்டும் வசதிப் பட்டியலில் 64பிட் இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.